வளையம் இல்லாத கல்மரம்

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள் அல்லவா, அதற்குச் சில வாரம் முன்பு ஒரு சீனத் தாத்தாவிடம் உள்ளங்கை அளவு கல்மரத் துண்டை, அதாவது கல்லாக மாறிப்போன மரத்துண்டை, 25 வெள்ளிக்கு வாங்கினேன். ஜாவாவில் இருந்து வந்ததாம். மெருகேற்றிய முகம் தேன் நிறம், ஓரம் கருஞ்சிவப்பு. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் உரசக்கூட ஆகாது, இதுக்கா இவ்வளவு காசு?" என்றார்.

எனக்கு உறுத்தியது வேறு. மரம் என்றால் வளையம் வேண்டாமா? இதில் ஒன்றுகூட இல்லை. ஏமாந்துவிட்டேன் என்று முடிவு கட்டி, காற்றில் அடிக்கும் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் அங்கேயே கிடந்தது.

அப்புறம் மகனின் பத்து மடங்கு லென்ஸை ஒருநாள் சும்மா வைத்துப் பார்த்தால், முகம் முழுக்க ஊசியால் குத்திய மாதிரி புள்ளிகள். மரம் நீரை மேலேற்றிய குழாய்கள்! பருவம் மாறி மாறி வரும் ஊரில்தான் வளையம் தெளிவாக விழும். வருடம் முழுக்க வெக்கையும் மழையுமாக இருக்கும் நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் விழாது.

சேற்றிலோ எரிமலைச் சாம்பலிலோ சட்டென்று புதைந்த மரத்துக்குக் காற்று கிடைக்காது, அதனால் உளுத்துப்போகாது. சாம்பலில் இருந்து கரைந்த சிலிக்கா நிலத்தடி நீரோடு ஊறி, செல் செல்லாகப் படியும். மரம் மெல்லப் போய்விடும், அதன் அச்சு நிற்கும். சிவப்பும் மஞ்சளும் இரும்பின் வேலை, கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசு.

இதை எழுதியதும் வந்த பின்னூட்டங்கள்:

ஈசூன்வாசி: கத்தியால் கீறிப் பார்த்தீர்களா? என் துண்டில் கீறலே விழவில்லை, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டியது. ஆனால் ஒரு கடையில் வாங்கிய கல்மர முக்காலியில், விரிசல் முழுக்க பிசின் ஊற்றி நிரப்பியிருந்தார்கள். சூடான ஊசி வைத்ததும் பிளாஸ்டிக் வாடை. கேட்டதற்கு, "அப்படித்தான் வரும்" என்றார்கள்!

விழுப்புரத்துக்காரி: எங்கள் ஊர்ப்பக்கம் திருவக்கரையில் முழு மரங்களே கல்லாகக் கிடக்கின்றன, சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு. அரக்கனின் எலும்பு என்று பாட்டி சொல்வார். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. இங்கே சிங்கப்பூரில் பார்க்க ஆசைப்பட்டால் பூமலை எனும் தாவரவியல் பூங்காவின் பரிணாமத் தோட்டத்துக்குப் போங்கள், நிற்கிற கல்மரங்களையே பார்க்கலாம்.

விழுப்புரத்துக்காரி சொன்ன தோட்டத்துக்குப் போன ஞாயிறு போனோம், அம்மாவும் வந்தார். ஒரு தண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு கேட்பான்?" என்றார். கதவுக்கு இப்போது பழைய டம்பெல்தான் முட்டு.