குல்மார்க்ல பனிக்கு அடியில கேட்ட அந்த "டொம்"

2022 பிப்ரவரி, காஷ்மீர்ல குல்மார்க். நாங்க நாலு பேரு, கூட ஒரு லோக்கல் கைடு. ரெண்டு நாள் விடாம பனி கொட்டி மூணாவது நாள் வானம் பளிச்சுன்னு வெளுத்திருச்சு, இன்னைக்குத்தான் சரியான நாள்னு குஷியா கோண்டோலா (கேபிள் கார்) ஏறி அபர்வாத் மலைப்பக்கம் போயிட்டோம். கைடு மூஞ்சி மட்டும் சரியில்ல. பனி நின்ன முதல் ஒண்ணு ரெண்டு நாள்தான் பனிச்சரிவுக்கு மோசம், அதுலயும் ராத்திரி காத்து அடிச்சா பனியை மேட்டுக்கு மறுபக்கம் தள்ளி பலகை மாதிரி அடுக்கிரும்னாரு.

மண்வெட்டியால இடுப்பளவு பள்ளம் தோண்டிக் காட்டினாரு. மேல நல்லா கெட்டி, அடியில ஒரு ஜாண் அளவுக்கு சீனி மாதிரி பொலபொலன்னு இருக்கு. அள்ளிப் பாத்தேன், உருண்டையே பிடிக்க முடியல, விரலிடுக்குல ஒழுகிருச்சு. அவ்ளோ வெயிட்டும் இது மேலதான் உக்காந்திருக்கு!

திரும்பலாம்னு நடந்தோம். ஒருத்தன் கால் வெச்சதும் அடியில அந்த சீனிப் பனி நொறுங்கி "டொம்"னு சத்தம், அடிவயித்துல இடிச்ச மாதிரி, நின்ன தரையே லேசா இறங்குச்சு, முன்னாடி பனியில விரிசல் சர்ருன்னு ஓடுது. நல்லவேளை அது சமதளம், 30லருந்து 45 டிகிரி சரிவா இருந்திருந்தா எங்களையும் சேத்து வாரிட்டுப் போயிருக்கும். 2023 பிப்ரவரி 1ஆம் தேதி அதே அபர்வாத்துல போலந்து ஸ்கீயர்ஸ் ரெண்டு பேர் பனிச்சரிவுல இறந்தாங்கன்னு நியூஸ் பாத்தப்ப அந்தச் சத்தம்தான் காதுல கேட்டுச்சு.

*

தம்பி, உங்க குல்மார்க் அனுபவத்தைப் படிச்சேன், நான் ஆர்மில இருந்து ரிட்டயர் ஆனவன். 2016 பிப்ரவரி 3, சியாச்சின்ல 19,600 அடி உயர போஸ்ட்ல 19 மெட்ராஸ் பட்டாலியன் ஆளுங்க 10 பேர் பனிச்சரிவுல புதைஞ்சாங்க, அதுல நாலு பேர் தமிழ்நாடு. ஆறு நாள் கழிச்சு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோட எடுத்தாங்க, 11ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரில அவரும் போயிட்டாரு, இன்னைக்கும் நெஞ்சு அடைக்குது.

அதை வெச்சு ஆறு நாள் தாங்கும்னு யாரும் நினைச்சிராதீங்கப்பா. வெட்டவெளியில மாட்டினா முதல் 10, 15 நிமிஷம்தான், சரிஞ்சு வர்ற பனி நின்னதும் சிமென்ட் மாதிரி இறுகிரும், விரலைக் கூட அசைக்க முடியாது. ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் உயிர் நிக்காது, பக்கத்துல நிக்கிறவன்தான் தோண்டி எடுக்கணும். அதனால பீக்கன் (புதைஞ்ச இடத்தைக் காட்ட சிக்னல் அனுப்புற கருவி), ப்ரோப் (பனியில குத்தித் தேடுற நீளக் கம்பி), மண்வெட்டி மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும். எங்க காலத்துல இடுப்புல நீளமா சிவப்புக் கயிறு கட்டி பின்னால இழுத்துக்கிட்டே நடப்போம், ஆள் புதைஞ்சாலும் கயிறோட ஒரு முனையாவது மேல தெரியும்னு.