ஆண்ட்ராய்டு 14-க்குப் பிறகு பழைய வீடியோ பிளேயர்: ஒரு போனில் இன்ஸ்டால் ஆகவில்லை, இன்னொன்றில் படம் திக்குகிறது

கேள்வி: சேரலாதன்_2

வணக்கம். 2015-இல் கடைசி வெர்ஷன் வந்து, அதன்பின் டெவலப்பர் கைவிட்ட ஒரு வீடியோ பிளேயர். பிளே ஸ்டோரில் இப்போது இல்லை, ஏபிகே (ஆப்பை இன்ஸ்டால் செய்யும் கோப்பு) மட்டும் கைவசம் உண்டு. இரண்டு போன்களும் ஆண்ட்ராய்டு 12-இலிருந்து 14-க்கு வந்தவை.

முதல் போனில் ஆப் அப்படியே இருக்கிறது, திறக்கிறது. ஆனால் 1080பி எச்இவிசி (எச்.265 எனும் வீடியோ சுருக்க முறை) கோப்புகள் விட்டுவிட்டு ஓடுகின்றன, போன் சுடுகிறது. ஹார்ட்வேர் டிகோடரை (சுருக்கிய வீடியோவைச் சிப்பிலேயே பிரித்துக் காட்டும் பகுதி) தேர்ந்தெடுத்தால் தானாகவே சாஃப்ட்வேருக்குத் திரும்பிவிடுகிறது. 12-இல் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது போனை ரீசெட் செய்தபின் ஏபிகே ஏறவே மறுக்கிறது. ‘ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை’ என்ற ஒற்றை வரியைத் தவிர விளக்கம் எதுவும் வருவதில்லை.

ஃபோல்டர் வாரியான பட்டியல், ஒவ்வொரு கோப்பும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது, சப்டைட்டிலை நுணுக்கமாக முன்பின் நகர்த்துவது, இந்த மூன்றுக்காகத்தான் இதையே கேட்கிறேன். வழி உண்டா?

பதில்: கட்டளைவரி

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். இன்ஸ்டால் பற்றி நான் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஏபிகேவுக்குள்ளும் ‘டார்கெட் எஸ்டிகே’ என்று ஓர் எண் இருக்கும். எந்த ஆண்ட்ராய்டின் விதிகளுக்கு ஏற்ப ஆப் எழுதப்பட்டது என்பதை அது குறிக்கும். அந்த எண் 23-க்குக் கீழே இருந்தால் ஆண்ட்ராய்டு 14 புதிதாக இன்ஸ்டால் செய்ய விடாது. 23 என்பது 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6. ஓடும்போது ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் முறை அதில்தான் வந்தது. அந்த முறையிலிருந்து தப்பிக்கவே பல தீம்பொருள்கள் வேண்டுமென்று 22-ஐ வைத்துக்கொண்டன, அதனால்தான் இந்தத் தடை. ஆண்ட்ராய்டு 15-இல் வரம்பு 24 ஆகிவிட்டது.

அப்டேட்டுக்கு முன்பே இருந்த ஆப்பை இந்தத் தடை தொடாது. ஆகவே முதல் போனில் அதை அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள்.

இரண்டாவது போனுக்குக் கணினி வேண்டும். போனின் அமைப்புகளில் போன் பற்றிய பகுதியில் உள்ள பில்ட் நம்பரை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். கணினியில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் தொகுப்பை விரித்து, ஏபிகேவையும் அதே ஃபோல்டரில் இடைவெளி இல்லாத சின்னப் பெயரில் போடுங்கள். கேபிளை இணைத்ததும் போனில் வரும் கேள்விக்கு ‘அனுமதி’ கொடுக்க வேண்டும்.

பிறகு, அந்தத் தொகுப்பில் உள்ள, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியின் வழக்கமான இன்ஸ்டால் கட்டளைதான். ஆனால் ‘இன்ஸ்டால்’ என்பதற்கும் கோப்பின் பெயருக்கும் நடுவில் ஒரு கொடி (கட்டளையோடு சேர்க்கும் கூடுதல் தேர்வு) சேர வேண்டும்: முதலில் இரட்டை ஹைபன், அதையொட்டி பைபாஸ், லோ, டார்கெட், எஸ்டிகே, பிளாக் ஆகிய ஐந்து சொற்கள், ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் ஒற்றை ஹைபனால் கோத்து. சொற்களின் வரிசை மாறினால் வேலை செய்யாது. நடுவில் கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் தடுத்தால் ‘மேலும் விவரங்கள்’ பகுதியைத் திறந்து, எப்படியும் இன்ஸ்டால் செய் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கணினித் திரையில் வரும் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். ‘டெப்ரிகேட்டட் எஸ்டிகே வெர்ஷன்’ என்று வந்தால் கொடி சரியாகச் சேரவில்லை. ‘நோ மேட்சிங் ஏபிஐஸ்’ என்று வந்தால் ஆப்பின் உள்நூலகங்கள் (அதற்குள் கட்டிய தயார் நிரல் தொகுப்புகள்) 32 பிட், போன் 64 பிட்டை மட்டும் ஏற்கிறது. 2022-இல் வந்த பிக்சல் 7 முதல் அப்படிப்பட்ட போன்கள் உண்டு. அந்தச் சுவரைத் தாண்ட எந்தக் கொடியும் இல்லை. 12-இலிருந்து ஏறி வந்த போன் என்பதால் உங்களுக்கு அது வராது என்றே நினைக்கிறேன்.

பதில்: கோடெக்_பித்தன்

முதல் போனுக்கு வருகிறேன். டிகோடர்களின் பெயர் மாறியிருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் டிகோடர்கள் நெடுநாள் ஓஎம்எக்ஸ் என்ற அமைப்பில் இருந்தன, பெயரும் அப்படியே தொடங்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் கோடெக்2 என்ற புதிய அமைப்புக்கு மாறி வருகிறது. சிப் நிறுவனமான குவால்காமின் எச்.264 (ஏவிசி) ஹார்ட்வேர் டிகோடர் முன்பு ‘ஓஎம்எக்ஸ்.க்யூகாம்.வீடியோ.டிகோடர்.ஏவிசி’. இப்போது அதன் பெயர் ‘சி2.க்யூடிஐ.ஏவிசி.டிகோடர்’. சிப் அதேதான்.

2015 காலத்துப் பிளேயர்கள் பல, தரமான டிகோடர் எது என்பதைப் பெயரைப் பார்த்தே முடிவு செய்தன. ஐஜேகேபிளேயர் என்ற வீடியோ நூலகத்தின் மூலக்குறியீட்டைத் திறந்தால் இது கண்ணெதிரே தெரியும்: பெயர் ஓஎம்எக்ஸ் என்று தொடங்காத டிகோடருக்கு, சாஃப்ட்வேர் டிகோடரைவிடக் கீழான தரம். அதைக் கட்டிவைத்திருக்கும் ஆப், நல்ல ஹார்ட்வேர் டிகோடரைக் கண்டும் தள்ளிவிடும். மிச்சம் இருப்பது சிபியு. 1080பி எச்இவிசியைப் பழைய எஃப்எஃப்எம்பெக் (வீடியோவைப் பிரிக்கும் நூலகம்) கொண்டு சிபியுவில் பிரித்தால் சூடும் திக்கலும் வரத்தான் செய்யும்.

கூகுளின் சாஃப்ட்வேர் டிகோடர்களுக்குப் பழைய பெயர் மாற்றுப் பெயராக இன்னும் பட்டியலில் இருக்கிறது. சிப் நிறுவனம் தன் ஹார்ட்வேர் டிகோடருக்கும் அப்படிச் சேர்த்திருந்தால் ஆப் ஓடும். சேர்க்காவிட்டால் ஆப்பைத் திருத்தாமல் தீர்வு இல்லை. கோடெக் பட்டியலைக் காட்டும் சிறு ஆப் ஒன்றைப் போட்டு, எச்இவிசி வரிசையில் ஓஎம்எக்ஸ் என்று தொடங்கும் ஹார்ட்வேர் பெயர் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள்.

சேரலாதன்_2

பார்த்தேன், எல்லாம் சி2 தான். இரண்டாவது போனில் அந்தக் கொடியோடு இன்ஸ்டால் ஆகிவிட்டது, நன்றி. ஆனால் பட்டியல் முழுக்கக் காலி. கோப்புகள் டவுன்லோட் ஃபோல்டரில்தான் உள்ளன, பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: கட்டளைவரி

முதல்முறை திறந்தபோது அனுமதிகளைச் சரிபார்க்கும் திரை ஒன்று வந்திருக்கும். அதில் ஸ்டோரேஜ் ஆஃப் ஆகியிருக்க வேண்டும். 22-க்கு எழுதிய ஆப்புக்கு ‘அனுமதி மறுப்பு’ என்ற ஒன்றே தெரியாது. சிஸ்டம் அதற்குப் பிழையைச் சொல்லாமல் காலிப் பட்டியலைக் கொடுத்துவிடுகிறது. அமைப்புகளில் அந்த ஆப்பின் அனுமதிகளுக்குப் போய் ஸ்டோரேஜ் தொடர்பான எல்லாவற்றையும் ஆன் செய்து, ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்து திறங்கள்.

பதில்: நதிக்கரை

ஓட வைத்தாலும் இதை இணையத்தோடு விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். பிளேயருக்குள் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் 2015-ஐச் சேர்ந்தது. எத்தனை சிஸ்டம் அப்டேட் வந்தாலும் ஆப்புக்குள் கட்டிய நூலகம் மாறாது. 2016 ஜனவரியில் எஃப்எஃப்எம்பெக் 2.8.5 வெர்ஷனில் அடைத்த ஒரு ஓட்டை: வீடியோ போலத் தோன்றும் கோப்புக்குள் எச்எல்எஸ் (இணையத்தில் வீடியோவைத் துண்டுகளாக அனுப்பும் முறை) பட்டியலை ஒளித்துவைத்து, சாதனத்தில் உள்ள கோப்பைப் படித்து வெளியே அனுப்ப முடியும். உங்கள் ஆப்பில் அது திறந்தே இருக்க வாய்ப்பு அதிகம். நெட்கார்டு போன்ற, ரூட் (போனின் முழுக் கட்டுப்பாடு) தேவைப்படாத ஃபயர்வாலில் இந்த ஆப்புக்கு வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அடைத்துவிடுங்கள்.

ஹார்ட்வேர் டிகோடிங் போனபின் இதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் கேட்ட மூன்றும் விஎல்சி பிளேயரில் உண்டு. வீடியோ பகுதியில் ஃபோல்டர் வாரியாகத் தொகுக்கும் தேர்வு இருக்கிறது. விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். சப்டைட்டில் தாமதத்தை 50 மில்லிவினாடி அளவில் நகர்த்தலாம். முதலில் கேட்கும்போது மீடியாவுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, தனி ஃபோல்டரில் உள்ள சப்டைட்டில் வரவில்லை என்றால், அமைப்புகளில் சிறப்பு அணுகலுக்குள் போய் எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி கொடுங்கள். அதற்குப் பிறகும் படம் திக்கினால் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை ‘ஆட்டோமேட்டிக்’ என்பதிலிருந்து முழு ஆக்ஸிலரேஷனுக்கு மாற்றிப் பாருங்கள்.

இன்னும் எளிமையானது வேண்டுமென்றால் நெக்ஸ்ட் பிளேயர். ஜஸ்ட் பிளேயரும் நல்லதுதான், ஆனால் அதில் போனில் உள்ள வீடியோக்களின் பட்டியல் கிடையாது, ஒவ்வொரு கோப்பாகத் திறக்க வேண்டும். ஃபோல்டர் பட்டியலுக்காகவே பழையதைத் தேடும் உங்களுக்கு அது ஒத்துவராது.

பழைய ஆப்பில் உள்ள ‘விட்ட இடம்’ விவரங்கள் புதியதுக்கு வராது. பாதியில் நிற்கும் படங்களின் நேரத்தை முதல் போனில் பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு மாறுங்கள்.