மாகாணப் பாடசாலையா, தேசிய பாடசாலையா: இடமாற்றம் யார் கையில்?

கேள்வி: வட மாகாணப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் ஆசிரியர் கிழக்கு மாகாணத்துக்கு மாற வேண்டும். கொழும்பில் கல்வி அமைச்சுக்கு நேரே எழுதலாமா?

பதில்: எழுதிப் பயனில்லை. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின் பின் மாகாணப் பாடசாலைகள் மாகாண சபையின் கீழ். தேசிய பாடசாலைகள் மட்டுமே அமைச்சின் நேரடிப் பொறுப்பு. விண்ணப்பம் அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்வித் திணைக்களம் என்று மேலே போகவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பரிந்துரையும் கையொப்பமும் விழுந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரதியொன்றைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள்.

இன்னொரு பதில்: சிக்குவது இப்போதைய மாகாணத்திலிருந்து விடுவிப்புப் பெறுவதில்தான். ஏற்கிற மாகாணம் சம்மதித்தாலும், பதிலாள் இல்லாமல் இங்கிருந்து விடமாட்டார்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்றால் இன்னும் கடினம். அதே பாடம், அதே மொழிமூலத்தில் அங்கிருந்து இங்கே வர விரும்புகிறவரைத் தேடி, பரஸ்பர இடமாற்றமாகக் கேளுங்கள். அதுதான் நடக்கக்கூடிய வழி.

கேள்வி: பாடத்திட்டமும் மாகாணத்துக்கு மாகாணம் மாறுமா?

பதில்: இல்லை. பாடத்திட்டம் தேசிய கல்வி நிறுவகம், பொதுப் பரீட்சை பரீட்சைத் திணைக்களம், இரண்டும் மத்திய அரசின் கீழ். ஆசிரியர் பற்றாக்குறையின் முழுச் சுமையும் மாகாணத்தின் தலையில், நிதிக்கோ அது திறைசேரியைப் பார்த்திருக்கிறது. இந்தப் பிரிப்பு நியாயமில்லை.