பால் பைத்தான் (ball python, பந்தாகச் சுருளும் மலைப்பாம்பு) எலியைத் தொடவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

தேம்ஸ்கரை

வணக்கம். இருப்பது லண்டன் பக்கம். ஆண் பால் பைத்தான், இரண்டரை வயது, வளர்ப்பிலேயே பொரித்த குட்டி. அக்டோபர் கடைசியில் ஒரு எலி தின்றதோடு சரி. அப்போது எடை 1180 கிராம், இப்போது ஜனவரி நடுவில் 1110. நவம்பரில் சட்டையை ஒரே துண்டாக உரித்தது.

தொட்டி கண்ணாடி, 120×60×60 செ.மீ. ஒரு பக்கம் அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), தெர்மோஸ்டாட்டை 32 டிகிரியில் வைத்திருக்கிறேன். அதன் சென்சார் உள்ளே, தேங்காய் நார்த்தூளுக்கு மேலே கிடக்கிறது. சுவரில் ஒட்டிய வட்ட முள் மீட்டர் 28 காட்டுகிறது. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி. வெப்பப் பக்கத்தில் இரண்டு முனையும் திறந்த அரை மரத்துண்டு, மறுபக்கம் தண்ணீர்க் கிண்ணம்.

தீனி, உறையவைத்த மீடியம் எலி, 130 கிராம் வாக்கில். வெந்நீரில் இருபது நிமிடம் போட்டு எடுப்பேன். பாம்பைத் தனி டப்பாவுக்கு மாற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை காட்டுகிறேன். நாக்கை நீட்டிப் பார்க்கிறது, பிறகு தலையை இழுத்துப் பந்தாகச் சுருண்டுவிடுகிறது. உயிருள்ள எலி கொடுத்தால் தின்னுமா? வாயைத் திறந்து ஊட்டும் நிலைக்கு வந்துவிட்டதா?

புற்றுமண்

முதலில் எடைக் கணக்கு. 1180இல் 70 கிராம் குறைந்தால் அது 6 சதவீதம். இரண்டரை மாதத்துக்கு இது பெரிய இறக்கம் அல்ல. உடம்பு தேறிய பால் பைத்தான் மாதக்கணக்கில் தின்னாமல் இருந்தும் நலமாக இருக்கும். ஆண்களுக்கு ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை இணைசேரும் பருவம். வீட்டில் பெண் பாம்பே இல்லாவிட்டாலும் அந்த மாதங்களில் பல ஆண்கள் தீனியை விட்டுவிடும். 800, 1000 கிராமைத் தாண்டும் வயதிலும் இப்படி ஒரு நிறுத்தம் வருவதுண்டு. ஆகவே வாயைத் திறந்து ஊட்டும் நிலைக்கு நீங்கள் கிட்டத்தில்கூட வரவில்லை.

ஆனால் பருவம்தான் காரணம் என்று கைகட்டி இருக்கவும் முடியாது. தொட்டியில் மூன்று குறைகள் தெரிகின்றன. அதில் ஒன்று ஆபத்தானது.

ஆபத்தானது அந்தச் சென்சார். நார்த்தூள் வெப்பத்தை மேலே விடாது. மேலே கிடக்கும் சென்சாருக்கு 32 டிகிரி எட்டவே எட்டாது, அதனால் மேட் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். தூளுக்கு அடியில் கண்ணாடி 40ஐத் தாண்டிவிடும். பாம்பு தூளைத் தோண்டிக்கொண்டு கீழே போய்ப் படுத்தால் வயிறு வெந்துபோகும், சூட்டை உணர்ந்து விலகும் பழக்கம் அதற்குக் குறைவு. சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் டேப் போட்டு ஒட்டுங்கள். மேட்டுக்கு நேர் மேலே தூளை ஒரு செ.மீ.க்கு மேல் போடாதீர்கள். பாம்பு படுக்கும் இடத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து 31 முதல் 33க்குள் நிறுத்துங்கள். சுவரில் ஒட்டும் முள் மீட்டரைத் தூக்கிப் போடுங்கள். அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், பல டிகிரி தப்பும்.

அடுத்தது காற்று. மேட் தரையைத்தான் சுடவைக்கும், காற்றைச் சுடவைக்காது. இரவில் ஹீட்டிங்கை அணைக்கும் வீட்டில் ஜனவரியில் தொட்டிக்குள் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். குளிர்ந்த பக்கம் பகலில் 25–27 இருக்க வேண்டும். இரவில் எந்த மூலையும் 24க்குக் கீழே போகக் கூடாது. உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நடக்காது. செரிக்காது என்றால் பாம்பு வாய் திறக்காது, அது அதன் உடம்பு செய்யும் சரியான முடிவு. மேலிருந்து ஒளி வராத செராமிக் ஹீட்டர் ஒன்றைக் கம்பிக்கூண்டு மாட்டி, தனி பல்ஸ் தெர்மோஸ்டாட்டில் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்துச் சூட்டை நிலையாக வைப்பது) போடுங்கள். சிவப்பு பல்பு வேண்டாம், இரவு இருட்டாக இருக்கட்டும்.

மூன்றாவது மறைவிடம். இந்தப் பாம்பு மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிக்காரன். கானா, டோகோ, பெனின் நாடுகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும்தான் பகலைக் கழிக்கும். நாலு பக்கமும் கண்ணாடி, நடுவில் இரண்டு முனையும் திறந்த மரத்துண்டு என்றால் அது பதுங்கியதாகவே உணராது. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள், வெப்பப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. வாசல் ஒன்றே இருக்க வேண்டும். சுருண்டு படுத்தால் உடம்பு மூன்று சுவரையாவது தொட வேண்டும். உங்கள் பாம்புக்கு 25×18 செ.மீ., உயரம் 10 செ.மீ. வாக்கில் போதும். கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கினாலும் போதும், கடைப் பொருள்தான் வேண்டும் என்றில்லை. தொட்டியின் மூன்று கண்ணாடிப் பக்கங்களை வெளியிலிருந்து கருப்புத் தாளால் மூடுங்கள், நடுவெளியைச் செயற்கை இலைக்கொடிகளால் நிரப்புங்கள்.

ஈரப்பதம் 60–70 இருக்கட்டும். மேலே தெளிப்பதைவிடத் தொட்டியின் மூலைகளில் தண்ணீர் ஊற்றி அடித்தூள் உறிஞ்சவிட்டால் நாள்பட நிற்கும். மேட் இருக்கும் பக்கத்தை விட்டு மறுபக்க மூலைகளில் ஊற்றுங்கள்.

வைகறை

ஆண் பாம்புதானே, மார்ச் முடியும் வரை எலியைக் காட்டவே வேண்டாம். தண்ணீர் மட்டும் மாற்றி வையுங்கள். ஏப்ரலில் தானாகத் தின்னும்.

மருதநிலா

வைகறை சொல்வது சூடும் இடமும் சரியாக உள்ள தொட்டிக்குப் பொருந்தும். இங்கே காத்திருந்தால் ஏப்ரலிலும் அதே குளிர்தான், அதே திறந்த வெளிதான். முதலில் திருத்தம், பிறகு பொறுமை.

தீனி பற்றி. 130 கிராம் உங்கள் பாம்பின் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம். வளரும் குட்டிக்கு 10–15 சதவீதம் சரி. ஒரு கிலோ தாண்டியதற்கு 5–7 சதவீதம் போதும், அதாவது 60–75 கிராம் எலி. சின்ன எலி என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல் தராசில் போட்டுப் பாருங்கள், கடைக்குக் கடை அளவு மாறும். பெரிய எலியைப் பார்த்துத் தலையை இழுத்துக்கொள்வது பால் பைத்தானுக்கு இயல்பு, அது பயந்த சுபாவம்.

வெந்நீரில் நேராக இருபது நிமிடம் போட்டால் அவ்வளவு பெரிய எலி உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும். முந்தைய இரவே ஜிப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் அதே பையோடு 40 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம். வயிற்றை அழுத்தினால் எங்கும் கட்டி தட்டுப்படக் கூடாது. கொதிக்கும் நீர் ஊற்றினால் தோல் வெந்து வயிறு கிழியும். மைக்ரோவேவ் அதைவிட மோசம், ஓரிடம் வெந்து ஓரிடம் உறைந்தே இருக்கும். ரோமத்தைத் துடைத்துக் காயவைத்து, கொடுக்கும் நிமிடத்தில் ஹேர் டிரையரால் தலையை மட்டும் சூடாக்குங்கள். வெப்பமானி தலையில் 38–40 காட்ட வேண்டும். பால் பைத்தானின் மேல் உதட்டில் உள்ள குழிகள் வெப்பத்தை உணர்பவை. எலியின் தலை உடம்பைவிடச் சூடாக இருந்தால் எங்கே கவ்வ வேண்டும் என்று அதற்குத் தெளிவாகத் தெரியும். ஆறிப்போன எலி அதன் கணக்கில் இரையே இல்லை.

தனி டப்பாவுக்கு மாற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். தொட்டியில் தீனி போட்டால் கையைக் கடிக்கப் பழகும் என்பது பழைய பேச்சு. நல்ல பசியுள்ள பாம்பு எங்கே வைத்தாலும் தின்னும், உங்களுடையது போலத் தயங்கும் பாம்புக்குத் தூக்கி இடம் மாற்றுவதே பசியைக் கெடுத்துவிடும்.

காட்டும் முறை: விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, 30 செ.மீ.க்குக் குறையாத இடுக்கியால், எலியை அதன் இடுப்பில் பிடித்து, தலை முன்னால் தெரியும்படி. பெட்டி வாசலுக்கு ஒரு சாண் தள்ளி, குறுக்கே நடக்கும் எலி போல மெதுவாக நகர்த்தி நிறுத்துங்கள். முகத்துக்கு நேரே நீட்டுவதும் மூக்கில் தட்டுவதும் கூடாது. கழுத்து வளைந்து, நாக்கு நிதானமாக வந்து போனால் அசையாமல் பிடித்திருங்கள். கவ்வியதும் லேசாக ஒரு இழுப்பு கொடுத்தால் சுற்றிக்கொள்ளும், உடனே சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் நடக்கவில்லை என்றால் எலியை ஒரு தட்டில் வாசலருகே வைத்துவிட்டு அறையைச் சாத்துங்கள். காலையில் மிச்சமிருந்தால் குப்பைக்கு, மறுபடி உறையவைக்கக் கூடாது.

மூன்று நாளுக்கு ஒருமுறை காட்டுவதும் தப்பு. ஒவ்வொரு முறையும் அது விரட்டப்பட்டதாகவே உணர்கிறது. 10 நாள் இடைவெளி விடுங்கள். கண் நீலம் பாய்ந்து சட்டை உரிக்கத் தயாராகும் நாட்களில் காட்டவே வேண்டாம்.

இவை அனைத்தும் சரியான பிறகும் மறுத்தால் வாசனையை மாற்றலாம். ஜெர்பில் (எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) கூண்டின் பழைய மரத்தூளில் எலியை ஒரு மணி நேரம் புரட்டி வைப்பது பலமுறை பலிக்கிறது. கோழிக்குஞ்சின் இறகால் தேய்ப்பதும் உண்டு. காட்டில் சிறிய பால் பைத்தான்கள் பறவைகளையும் நிறையத் தின்னும். ஆப்பிரிக்க மென்மயிர் எலிகள் கிடைத்தால் பெரும்பாலும் மறுக்காது. ஆனால் அதற்குப் பழகிவிட்டால் சாதாரண எலிக்குத் திருப்புவது பெரும்பாடு, விலையும் கூட. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

நெய்தல்துறை

உயிருள்ள எலி வேண்டாம். ஒரு 70 கிராம் எலியின் பல் பாம்பின் கண்ணையும் முதுகையும் எலும்பு தெரியக் கடித்துவிடும். தின்ன மனமில்லாத பாம்பு திருப்பித் தாக்காமல் சுருண்டே கிடக்கும், அதுதான் ஆபத்து. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அந்த எலியையும் காக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

வாய் திறந்து ஊட்டுவது ஊர்வன மருத்துவம் தெரிந்த வெட் (கால்நடை மருத்துவர்) செய்ய வேண்டியது. தாடை காயப்படும், உணவுக்குழல் கிழியும், ஊட்டியதைக் கக்கிவிட்டால் நிலைமை முன்பைவிட மோசம். பெரும்பாலும் எடை வேகமாக இறங்கும் குட்டிகளுக்குத்தான் அது தேவைப்படும், அவற்றிடம் சேமிப்புக் கொழுப்பு இல்லை.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள், டப்பாவின் எடையைக் கழித்து. 10 சதவீதம் தாண்டிக் குறைந்தால், உங்கள் பாம்புக்கு 1060 கிராம், வெட்டிடம் போக வேண்டும். எடை நன்றாக இருந்தாலும் போக வேண்டிய அறிகுறிகள்: வாயைத் திறந்தே மூச்சு விடுவது, மூக்கில் குமிழ், மூச்சில் விசில் சத்தம், ஈறில் மஞ்சள் படிவு, முதுகெலும்பு கூராகத் துருத்துவது. சுவாசக் கோளாறு இருந்தால் நிடோவைரஸ் (பாம்பின் மூச்சுறுப்பைத் தாக்கும் வைரஸ்) சோதனைக்கு வாயில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் மாதிரி) எடுக்கச் சொல்லுங்கள். பால் பைத்தான்களில் அது 2014இலேயே கண்டறியப்பட்டது, மற்றப் பாம்புகளுக்கும் தொற்றும். தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக் கிடந்தால் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவை உண்ணிகள். உண்ணி ஏறிய பாம்பு தீனியை மறுக்கும்.

தேம்ஸ்கரை

எல்லோருக்கும் நன்றி. வெப்பமானி வாங்கி அளந்தேன். மேட்டுக்கு மேல் கண்ணாடி 41. குளிர்ந்த பக்கக் காற்று அதிகாலையில் 20. சென்சாரை மாற்றிவிட்டேன், செராமிக் ஹீட்டர் நாளை வரும். உண்ணி இல்லை, மூச்சும் சீர். ஹீட்டர் மாட்டிய அன்றே 70 கிராம் எலி காட்டிப் பார்க்கலாமா?

புற்றுமண்

அன்றே வேண்டாம். முதலில் பாம்பைத் தூக்கி நல்ல வெளிச்சத்தில் வயிற்றுச் செதில்களைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தாலும், கொப்புளம் இருந்தாலும் அது சூட்டுக்காயம். அதற்கு வெட்தான், தீனி பிறகு. சுத்தமாக இருந்தால் உள்ளே விட்டுவிடுங்கள். அதன் பிறகு தண்ணீர் மாற்ற மட்டும் கை உள்ளே போகட்டும்.

இரண்டு நாள் இரவும் பகலும் அளந்து, வெப்பம் நிலையாக நிற்கிறது என்று உறுதியான பிறகு ஏழு நாள் எண்ணுங்கள். எட்டாவது இரவு மருதநிலா சொன்ன மாதிரி ஒரே ஒரு முயற்சி. நீண்ட பட்டினிக்குப் பிறகு முதல் தீனி 50 கிராமுக்கு மேல் வேண்டாம், 70 கிராம் அடுத்த சுற்றுக்கு. தின்றால் 48 மணி நேரம் தொடாதீர்கள், பத்து நாளுக்குள் இன்னொன்று காட்டாதீர்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் வெறும் தண்ணீர், பிறகு பாதி அளவு எலி. மறுபடியும் கக்கினால் காரணத்தைத் தொட்டியில் தேடுவதை விட்டு வெட்டிடம் போங்கள்.

தின்ற பிறகு முதலில் வரும் கழிவை, காய்வதற்குள் சிறு டப்பாவில் எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் வெட்டிடம் கொடுத்தால் ஒட்டுண்ணிச் சோதனையும் முடிந்துவிடும். டப்பாவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா இருக்கும்.