காலேஜ் ஃபுட்பால்: நேரில் போகணுமா, டிவி போதுமா?

ஆன்ஆர்பர்_அப்பா
மகள் இங்கே ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் படிக்கிறாள். போன சனிக்கிழமை ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) பார்க்கக் குடும்பத்தோடு மிச்சிகன் ஸ்டேடியம் போனோம். 1927ல் கட்டினது, 1,07,601 பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய 1.2 லட்சம்தான்! பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. வாசல் தாண்டியதும் காலடியில் வரிசை வரிசையாக இறங்குது, அப்படியே நின்றுவிட்டேன். ஆட்ட விதிகள் எனக்குப் பாதிதான் புரியும். இருந்தாலும் சொல்கிறேன், அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் ஒரு தடவையாவது நேரில் பார்க்கணும்.

கொலம்பஸ்_ரவி
அண்ணே, நான் ஆறு தடவை போயிருக்கிறேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஆட்டக் கடிகாரம் 60 நிமிஷம், நாம் உட்கார்ந்திருப்பது மூன்றரை மணி நேரம். டிவி விளம்பரம் முடிகிற வரை ஓர் ஆள் மைதானத்துக்குள் வந்து நிற்பார், அவர் வெளியேறினால்தான் ஆட்டம் தொடரும். நவம்பர் குளிரில் அலுமினிய பெஞ்சில் குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறீர்களா? முதல் டவுனுக்கு, அதாவது நாலு முயற்சிக்குள் பந்து தாண்டவேண்டிய பத்து கெஜத்துக்கு, எவ்வளவு தூரம் என்று காட்டும் மஞ்சள் கோடுகூட டிவியில்தான் தெரியும், மைதானத்தில் கிடையாது. புதிதாகப் பார்ப்பவருக்கு ஆட்டம் புரியணும் என்றால் வீடுதான் நல்ல இடம்.

ஆன்ஆர்பர்_அப்பா
தம்பி, கொலம்பஸில் இருந்துகொண்டு நீங்களே இப்படிச் சொல்லலாமா? உங்கள் ஊர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக மார்ச்சிங் பேண்ட் வாசித்துக்கொண்டே நடந்து மைதானத்தில் 'ஒஹாயோ' என்று கூட்டெழுத்தில் எழுதுகிறதே! 1936லிருந்து நடக்கிறது. கடைசியில் சூசாஃபோன் என்ற பெரிய பித்தளை ஊதுகுழலை உடம்பில் மாட்டியிருக்கிற ஒருவர் துள்ளிப் போய் 'ஐ' எழுத்துக்குப் புள்ளியாக நிற்பார். டிவியில் இடைவேளை என்றால் பெரும்பாலும் ஸ்டுடியோ பேச்சும் விளம்பரமும்தான்.

கொலம்பஸ்_ரவி
பேண்டைப் பற்றி நான் மறுக்கவே மாட்டேன், புல்லரிக்கும். என் கோபம் வேறு. இந்த விளையாட்டை இப்போது டிவி பணம்தான் ஓட்டுகிறது. 2024ல் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகள் இரண்டும் எங்கள் கல்லூரிகள் ஆடும் பிக் டென் என்ற லீகுக்கு வந்துவிட்டன. நியூ ஜெர்ஸி ரட்கர்ஸோடு ஒரே லீகில் ஆட நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்கணும், வகுப்பு இருக்கிற பிள்ளைகள். 2021 வரை தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக்கூட அவர்களுக்கு அனுமதியில்லை. கல்லூரிகளே நேரடியாகப் பணம் தர ஆரம்பித்தது 2025 ஜூலையில்தான். இத்தனை வருஷம் அந்த இருக்கைக்குப் பணம் கட்டியது எனக்கு உறுத்துகிறது.

தேன்மொழி_லிங்கன்
ரவி சொல்வது நியாயம். ஆனால் காலேஜ் விளையாட்டு என்றால் ஆண்கள் ஃபுட்பால் மட்டும்தானா? 2023 ஆகஸ்ட் 30 அன்று எங்கள் ஊர் மெமோரியல் ஸ்டேடியத்தில் ஃபுட்பால் மைதானத்தின் நடுவே கோர்ட் போட்டு, நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணி ஒமஹா கல்லூரி அணியோடு வாலிபால் ஆடியது. வந்தவர்கள் 92,003 பேர். நான் என் பெண்ணோடு மேல் வரிசையில் இருந்தேன். வீராங்கனைகள் விரல் அளவுதான் தெரிந்தார்கள், ஆனாலும் அவள் கண்ணெடுக்கவில்லை. மறுவாரமே பள்ளியில் வாலிபாலுக்குப் பெயர் கொடுத்தாள். பெரிய கூட்டம் வேண்டாம் என்றால் சின்ன கல்லூரி ஜிம்முக்குப் போங்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஓங்கி அடித்த பந்து (ஸ்பைக்) தரையில் அறையும் சத்தம் நெஞ்சில் இறங்கும்.

கார்த்தி_டெக்சஸ்
நான் டெக்சஸ் ஏ அண்டு எம் மாணவன். இங்கே மாணவர்கள் ஆட்டம் முழுக்க நிற்போம், 1922ல் தேவைப்பட்டால் இறங்கி ஆடுவதற்காக ஓரத்தில் தயாராக நின்ற மாணவன் ஒருவனின் நினைவாக. ரவி அண்ணா, வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அதுவும் டிவிக்குப் போகிற பணம்தானே? நேரில் வந்தால் ஆடுகிற பையனுக்காவது நம் குரல் கேட்கும். வருகிறவர்கள் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும் கொண்டு வாருங்கள், மற்ற பையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கொலம்பஸ்_ரவி
கார்த்தி, அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யோசிக்கிறேன்.

ஆன்ஆர்பர்_அப்பா
இன்னும் ஒன்று. அயோவா சிட்டி கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை. 2017லிருந்து ஆட்டத்தின் முதல் குவார்ட்டர் (நாலில் ஒரு பகுதி) முடிந்ததும் மொத்தக் கூட்டமும், இரண்டு அணி ஆட்களும், அந்த ஜன்னல்களைப் பார்த்துத் திரும்பிக் கையசைக்கிறார்கள். உள்ளேயிருந்து பிள்ளைகளும் அசைக்கிறார்கள். அடுத்த சீசனில் நாங்கள் அங்கே போகிறோம்.

கொலம்பஸ்_ரவி
அதை டிவியில் பார்த்து அழுதிருக்கிறேன் அண்ணே. ஃபுட்பாலுக்கு இன்னும் மனம் வரவில்லை. தேன்மொழி, வாலிபால் சீசன் ஆகஸ்ட் கடைசியில்தானே தொடங்கும்? பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.