கருநீலக் கிரேப் கவுன்: 'நியூ லுக்' காலத்ததா, அதற்கும் முந்தியதா?

நீலாம்பல்:
வணக்கம். லண்டன் பழம்பொருள் சந்தையொன்றில் கருநீலக் கிரேப் (பரப்பில் நுண்சுருக்கம் விழுந்த மெல்லிய துணி) கவுன் ஒன்று வாங்கினேன். 1950 வாக்கில் தைத்த 'நியூ லுக்' ஏ-லைன் (கீழே 'A' எழுத்துபோல விரியும்) கவுன் என்றும், துணியைக் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாகப் போட்டு வெட்டியது என்றும் விற்றவர் சொன்னார். ஆனால் தோள்கள் பேட் வைத்துச் சதுரமாக நிற்கின்றன. கீழ்ப்பகுதி அதிக விரிவின்றிக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. இடப்பக்கத் திறப்பில் ஜிப் இல்லாமல் டிச் பட்டன்களும் கொக்கிகளுமே இருக்கின்றன. கழுத்தின் உட்புறத்தில், துண்டு வெட்டியெடுத்த வட்டங்கள் போன்ற இரண்டு 'சி' எழுத்துகளும் 41 என்ற எண்ணும் கொண்ட சிறிய லேபிள் உள்ளது. இதன் காலத்தை எப்படி உறுதி செய்வது? திறப்பில் ஜிப் வைக்கலாமா?

பழந்துணி:
பாதி விடை அந்த லேபிளிலேயே இருக்கிறது. அது பிரிட்டிஷ் அரசு 1941இல் தொடங்கி 1952 வரை நடத்திய 'யூட்டிலிட்டி' ஆடைத் திட்டத்தின் முத்திரை. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1947 பிப்ரவரியில் பாரிஸில் காட்டிய 'நியூ லுக்' சரிந்த தோள், இறுக்கிய இடை, கெஜக்கணக்கில் துணி விழுங்கும் பாவாடை என்று அமைந்தது. நீங்கள் விவரிப்பது ஏறக்குறைய அதற்கு நேர்மாறு. ஏ-லைன் என்ற பெயரையே டியோர் 1955இல்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பதால், விற்றவரின் அந்தச் சொல் வடிவத்தைச் சொல்லுமே தவிரக் காலத்தைச் சொல்லாது.

கிராஸ் வெட்டா என்பதை அறிய, முன்பக்க நடுவில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழையைப் பாருங்கள். இழை நேராகத் தரையை நோக்கி இறங்கினால் நேர்வெட்டு. 45 பாகையில் சாய்ந்து ஓடினால் கிராஸ். கிரேப்பில் இழை தெளிவாகத் தெரியாவிட்டால், மேலும் கீழுமாக மெல்ல இழுத்தால் போதும், கிராஸ் துணி நன்றாக நெகிழ்ந்துகொடுக்கும்.

ஊசிக்காரர்:
எனக்கு இடறுவது நீளம் மட்டும்தான். இரண்டாம் உலகப் போரையொட்டி பிரிட்டனில் அரசு துணியை அளந்து கொடுத்த பங்கீட்டுக் காலத்து கவுன்கள் முழங்காலை ஒட்டியே முடிந்தன. கீழ் மடிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நீலாம்பல்:
பார்த்தேன். விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பழைய மடிப்பின் தடம் சுற்றிலும் ஓடுகிறது. தடத்துக்குக் கீழே நிறம் சற்று அடர்த்தியாக உள்ளது. உட்புறத்தில் மடித்துத் தைக்கத் துணி போதாமல் வேறொரு பருத்திப் பட்டையை ஒட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இழை நேராகத்தான் இறங்குகிறது.

ஊசிக்காரர்:
அப்படியானால் சிக்கல் தீர்ந்தது. போர்க்காலத்திலோ அதையொட்டியோ முழங்கால் அளவில் தைத்த நேர்வெட்டு கவுன் இது. 1947க்குப் பிறகு நீளப் பாவாடை வழக்கத்துக்கு வந்தபோது, பங்கீடு 1949 வரை நீடித்ததால் புதிது வாங்க முடியாத யாரோ, மடிப்பைப் பிரித்து இறக்கியிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. விற்றவர் அந்த நீளத்தைப் பார்த்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறார்.

ஜிப் வேண்டாம். உலோகம் போர்த் தேவைக்குப் போனதால் அக்காலத்தில் ஜிப்புக்குத் தட்டுப்பாடு. டிச் பட்டன்களே இதற்குரியவை. துருப்பிடித்தவற்றை மட்டும் மாற்றுங்கள். கிரேப் ஈரத்தில் சுருங்கக்கூடும் என்பதால் நீரில் நனைக்காதீர்கள்.