மறுமொழி: அரோ ஃபங்ஷனுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்?

கோத்தகிரியிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கு ஜாவாஸ்கிரிப்ட் (வலைப்பக்கங்களுக்கு நிரல் எழுதற மொழி) பாடக்குறிப்பு அச்சுக்குப் போகணும், அம்புக்குறி போட்டுச் சுருக்கமா எழுதற அரோ ஃபங்ஷன் மட்டும் பேரில்லாம நிக்குது. இப்போதைக்கு "அம்புச் செயற்கூறு"ன்னு எழுதியிருக்கேன். கணக்குப் பாடத்துல சார்புன்னு வருது, ஆனா கணினிப் பாடத்துல செயற்கூறுதானே, பசங்களுக்குப் பழகின சொல். சரிங்களா?

குன்னூரிலிருந்து:
புணர்ச்சி இடிக்குதே டீச்சர். மென்தொடர், அதாவது கடைசி உகரத்துக்கு முன்னாடி ம்பு, ந்து மாதிரி மெல்லெழுத்து வர்ற சொல், வேற்றுமையில வன்தொடராகும், ப்பு, த்துன்னு மாறும், இரும்பும் பாதையும் சேர்ந்தா இருப்புப்பாதை, நம்ம கல்லாறு–குன்னூர் பல்சக்கர ரயில் ஏறி வர்றதே அதுமேலதான். அந்தக் கணக்குல "அப்புச் செயற்கூறு"ன்னுதான் வரணும். அம்புக்கே இன்னொரு சொல்லான கணைன்னு வச்சா தொல்லையே இல்ல, "கணைச் செயற்கூறு", கேக்கவும் நல்லா இருக்கு.

கூடலூரிலிருந்து:
ஐயா, மென்தொடர் எல்லாமே அப்படி மாறாதுன்னு நன்னூலே சொல்லுது. அம்புக்குறியை யாரும் அப்புக்குறின்னு எழுதறதில்லையே. என் வழக்கு வேற. 2015ல அரோ ஃபங்ஷன் ஜாவாஸ்கிரிப்டுக்குள்ள வந்தது எழுத்தைச் சுருக்க மட்டும் இல்ல, இதுக்குன்னு சொந்த திஸ் (this, எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுதுன்னு சுட்டற சொல்) கிடையாது, எங்க எழுதியிருக்கோமோ அங்க சுத்தி இருக்கற திஸ்ஸையே எடுத்துக்கும். பச்சைத் தேயிலை எடையைக் கூட்டற ஒரு ஆப்ஜெக்ட் (தகவலும் அதுக்கான ஃபங்ஷனும் சேர்ந்த தொகுப்பு) எழுதுங்க, அதோட மெத்தடுக்குள்ள, அதாவது அந்த ஆப்ஜெக்டோட ஃபங்ஷனுக்குள்ள, ஃபார்ஈச் (பட்டியல்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டறது) போட்டு சாதாரண ஃபங்ஷன் குடுத்தா மொத்தத்துல ஒரு கிலோகூட ஏறாது, ஏன்னா உள்ள இருக்கற திஸ் அந்த ஆப்ஜெக்ட் இல்ல, => போட்டா ஏறும், ஆனா அதே => ஐ மெத்தடுக்கே போட்டா மறுபடி கெடும். பசங்க குழம்பறதே இங்கதான். வெளிய இருக்கற திஸ்ஸைச் சுட்டறதால "புறச்சுட்டுச் செயற்கூறு".

குன்னூரிலிருந்து:
தம்பி, புறச்சுட்டுன்னா சுட்டெழுத்தை எடுத்தாலும் மிச்சம் பொருள் தரணும். அவ்வீடுல சுட்டு போனா வீடு நிக்கும். திஸ்ஸுக்கு நீங்க வைக்கற "இது" அகச்சுட்டு, இகரம் போனா வெறும் து. இலக்கணத்துல உறுதியா நிக்கற பேரை வேற பொருளுக்கு இழுக்காதீங்க.

கோத்தகிரியிலிருந்து:
கணைன்னா எங்க பசங்க அகராதி தேடணும் ஐயா. தனி மடல்ல எழுதினவங்களும் அம்புன்னே சொல்றாங்க, அதையே போடறேன். திஸ் விளக்கம் அடுத்த பத்தியில வரும், நியூ (புது ஆப்ஜெக்ட் உருவாக்கற சொல்) போட்டுக் கூப்பிட முடியாது, சொந்த ஆர்க்யுமென்ட்ஸ் (ஃபங்ஷனுக்குக் குடுத்த மதிப்புகளோட பட்டியல்) இல்லங்கறதும் சேர்த்து.

கூடலூரிலிருந்து:
அச்சடிங்க டீச்சர், நான் ஒத்துக்கல. ஜாவாஸ்கிரிப்டா மாறற காஃபிஸ்கிரிப்ட்ங்கற மொழியில -> , => ரெண்டுமே அம்புதான், திஸ்ஸைக் கட்டி வைக்கறது ரெண்டாவது மட்டும். அப்ப அம்புங்கற பேர் எதைப் பிரிச்சுக் காட்டுது?